பேரப்பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தோம்?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை என்று என் வயதுக் கத்தோலிக்கர்கள் யாரைப் பார்த்தாலும் புலம்புகிறார்கள். லாஸ்பேட்டையில் காலை நடைக்குப் போனாலும் இதே பேச்சு, கல்லறைத் திருநாளுக்குப் போனாலும் இதே பேச்சு. செல்போன் மேல் பழி, ஐ.டி. வேலை மேல் பழி, பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்தின் மேல் பழி. மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கும் கொஞ்சம் விழும்.

நம்மால் எதையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றை மட்டும் துளி சிந்தாமல் கொடுத்திருக்கிறோம். சாதியைத்தான் சொல்கிறேன்.

நம் ஊர்க் கதையையே பாருங்கள். 1745இல் சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும், மறுபக்கம் தாழ்த்தப்பட்டவர்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று அவர்கள் பெரிய சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. இதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல, வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவர். 'சம்பா' என்பதே சென் பவுல் என்ற பெயர் மருவியதுதான். யூதன், கிரேக்கன், அடிமை என்ற பேதமெல்லாம் கிறிஸ்துவுக்குள் கிடையாது என்று கலாத்தியருக்கு எழுதினாரே, அதே பவுல்!

அந்தக் கோவிலை 1761இல் ஆங்கிலேயர்கள் இடித்துப் போட்டார்கள். இப்போது நாம் போகும் கோவில் 1791இல் எழும்பியது. சுவர் போயிற்று, சுவர் இருந்த கோவிலும் போயிற்று. ஆனால் 2008 மார்ச்சில் எறையூரில் நடந்தது என்ன? உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கம், நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து ஊர். தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியலில் சேர்க்காத 1950ஆம் வருஷத்து ஆணையைக் கண்டித்து ஆகஸ்ட் 10ஆம் தேதி கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். நியாயமான கோரிக்கை, நானும் போயிருக்கிறேன். அப்படிப் போய் வந்தவர்களே 'ஆர்.சி. முதலியார்', 'ஆர்.சி. வன்னியர்', 'ஆர்.சி. உடையார்' என்று வரன் தேடி விளம்பரம் கொடுக்கிறார்கள். டில்லி மட்டும் மாறினால் போதுமா?

"கோவில் வேறு, கல்யாணம் வேறு. பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டாமா?" என்பார்கள். பாரீசில் இருக்கும் பையன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் மட்டும் பழக்கவழக்கம் உடனே ஒத்துப்போய்விடுகிறது. மண்டபம் பிடித்து வரவேற்பு வைத்து, ஊரெல்லாம் பத்திரிகை கொடுக்கிறார்கள். பக்கத்துத் தெருக் கத்தோலிக்கப் பையன்தான் ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பெண் பத்து வருஷம் பாடகர் குழுவில் பாடியவள். அவள் விரும்பிய பையனும் அதே பங்கு. இருவரும் ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவர்கள். அப்பா முடியாது என்றார். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. பிறந்த குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. "பேரன் சாமி கும்பிடத் தெரியாமல் வளர்கிறான்" என்று அந்த மனிதர் இப்போது என்னிடம் வந்து கண்ணீர் விடுகிறார். அந்தப் பெண்ணைக் கோவிலை விட்டு விரட்டியது செல்போனா, பெந்தெகொஸ்தேக்காரர்களா?

வரன் பதிவுப் படிவங்களில் 'உட்பிரிவு' என்று ஒரு கட்டம் இருக்கும். பேரனுக்கோ பேத்திக்கோ பதியப் போகிறவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு வாருங்கள். என் கடைசி மகனுக்கு அப்படித்தான் பதிந்தோம். நல்ல பதில் வர மூன்று வருஷம் ஆயிற்று. வந்தது.