நெல் தரிசு உளுந்துக்கு விதை நேர்த்தியே ஒரே வாய்ப்பு

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பு, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மண் மெழுகுப் பதத்தில் இருந்தால் விதை பதிந்து முளைத்துக்கொள்ளும். உழவு இல்லை, அடியுரம் இல்லை, பெரும்பாலான இடங்களில் பாசனமும் இல்லை. எஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பியே பயிர் விளைகிறது.

செலவில்லாத பயிர் என்ற பெயர் உளுந்துக்கு இதனால்தான் வந்தது. அந்தப் பெயரே அதற்குக் கேடாகவும் முடிந்தது. நெல்லுக்கு நாற்றங்காலில் இருந்து அறுவடை வரை கண்ணும் கருத்துமாக இருக்கும் விவசாயிகளில் பலர், உளுந்து விதையை மூட்டையிலிருந்து எடுத்து அப்படியே தெளித்துவிடுகின்றனர். வந்தவரை லாபம் என்ற எண்ணம் மேலோங்கி நிற்கிறது. இந்த எண்ணம் மாற வேண்டும். உழவும் அடியுரமும் இல்லாத பயிருக்கு, நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வேருக்குக் கொண்டுசேர்க்க விதையை விட்டால் வேறு வழி ஏது?

வேரில் ஓர் உரத் தொழிற்சாலை

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்தே. ஆனால் எந்தப் பயிரும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. பயறு வகைப் பயிர்களின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, அதனுள் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவது ரைசோபியம் என்னும் பாக்டீரியா. பயிர் அதற்குச் சர்க்கரைச் சத்தைக் கொடுக்கிறது. 1886-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் வேர் முடிச்சுகளின் இந்தப் பணியை எடுத்துக் காட்டினர். 1888-ல் ஹாலந்து நாட்டு பெய்ஜரிங்க் இப்பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

நெல் வயலில் மாதக் கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்பதால் மண்ணில் இயற்கையாக உள்ள ரைசோபியத்தின் எண்ணிக்கை குறைந்துவிடக்கூடும். ஆகவே விதையோடு அதைச் சேர்த்து அனுப்புவது நெல் தரிசு உளுந்துக்கு மிகவும் அவசியம்.

வேரழுகலுக்குக் காவல்

ஈரம் வற்றி வெயில் ஏறும் மாசி, பங்குனி மாதங்களில் வேரழுகல் நோய் தலைகாட்டும். செடி திட்டுத்திட்டாக வாடிக் காயும். பிடுங்கினால் வேர்ப்பட்டை நார்நாராக உரிந்து வரும். நோய் கண்ட பின் மருந்து ஊற்றிக் காப்பாற்றுவது கடினம். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணம், நோய்ப் பூஞ்சாணத்தைச் சுற்றிப் படர்ந்து அதன் சுவரைக் கரைத்து அழிக்கிறது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா, நோய்க் கிருமிக்கு வேண்டிய இரும்புச் சத்தைக் கிடைக்கவிடாமல் கவர்ந்துகொள்கிறது.

செய்முறை

ஏக்கருக்கு 10 கிலோ விதை எனக் கொண்டால், கிலோவுக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா 40 கிராம், அல்லது கிலோவுக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் 100 கிராம் கலக்க வேண்டும். அதன் பிறகு ரைசோபியம் 240 கிராமை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையின் மேல் சீராகப் படியும்படி கலந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தித் தெளிக்கலாம். கஞ்சி சூடாக இருந்தாலும், விதையை வெயிலில் உலர்த்தினாலும் பாக்டீரியா மடிந்துவிடும்.

இரசாயனப் பூஞ்சாணக் கொல்லி இட்ட விதைக்கு 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் இட வேண்டும். கார்பன்டாசிம் இட்ட விதையில் டிரைக்கோடெர்மா கலப்பது வீண். கொல்லி அதையும் சேர்த்தே கொன்றுவிடும். கொண்டைக்கடலைக்கும் சோயாவுக்கும் உரிய ரைசோபியம் உளுந்துக்கு உதவாது. பொட்டலத்தின் மேல் பயிரின் பெயரைப் பார்த்து வாங்குவது நல்லது.

பயனில்லை என்பது ஏன்?

போட்டோம், ஒன்றும் தெரியவில்லை என்று கூறும் விவசாயிகள் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. யூரியா மூட்டை ஓராண்டு கிடந்தாலும் யூரியாவே. உயிர் உரமோ உயிருள்ள பொருள். 2006-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்த ரைசோபியத்தில், தூள் வடிவானால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ், பூச்சிமருந்துப் பெட்டிகளுக்கு நடுவே வெந்து கிடக்கும் பொட்டலத்தில் இது எப்படி இருக்கும்? காலாவதித் தேதியைப் பார்க்காமல் விவசாயிகள் வாங்கக் கூடாது. வாங்கியதை வீட்டில் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

வழங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. விதைப்பு தையில் என்றால், பொட்டலம் மார்கழியிலேயே கிராமத்துக்கு வந்தாக வேண்டும். உளுந்து முளைத்த பின் வரும் உயிர் உரம் எண்ணிக்கைக் கணக்கை நிரப்பலாம், வயலை நிரப்பாது.

அளவுக்கு மீறிய நம்பிக்கையும் ஆகாது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயை இந்த நுண்ணுயிர்கள் தடுக்கமாட்டா. அதற்கு எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தையே நாட வேண்டும். பூக்கும் தருணத்தில் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதையும் கைவிடக் கூடாது.

ஐயமுள்ள விவசாயிகள் ஒரு பாத்தியில் மட்டும் நேர்த்தி செய்யாத விதையைத் தெளித்துப் பார்க்கலாம். முப்பதாம் நாளில் இரண்டு பக்கமும் சில செடிகளை மண்ணோடு தோண்டி, நீரில் அலசி, முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் போதும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. அடுத்த தையில் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லத் தேவையிராது.