வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

ஆந்திரப் பிரதேசத்தில், ரேணிகுண்டாவிலிருந்து திருக்காளத்திக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் ஏர்பேடு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வட்டாரத்தில்தான் தம் நிலையான வளாகங்களைக் கொண்டுள்ளன. இத்தகைய நிறுவனங்களில் பயில்வோர்க்குப் பேரினப் பொருளியலின் தொடக்கப் பாடம் வேண்டுமா என்பது அடிக்கடி எழும் வினா. 'இயந்திரமும் மூலக்கூறும் கற்க வந்தவர்க்குப் பணவீக்கம் எதற்கு? நாளிதழ் படித்தால் போதாதா?' என்று கேட்போர் பலர். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று; எனினும் அதற்குரிய விடை, 'வேண்டும்' என்பதே.

தனியொரு வீட்டிற்குப் பொருந்துவது நாடு முழுமைக்கும் பொருந்தும் என்று எண்ணுவது மனித இயல்பு. இவ்வெண்ணம் பல வேளைகளில் பிழையானது என்பதே பேரினப் பொருளியல் கற்பிக்கும் முதற்பாடம். ஒரு குடும்பம் செலவைக் குறைத்தால் அதன் சேமிப்பு உயரும். எல்லாக் குடும்பங்களும் ஒரே காலத்தில் செலவைக் குறைத்தால் நிகழ்வது வேறு. கடைகளில் விற்பனை குன்றும்; ஆலைகள் உற்பத்தியைச் சுருக்கும்; தொழிலாளர் வேலை இழப்பர்; வருவாயே குறைந்தபின் சேமிப்பு எவ்வாறு உயரும்? ஒருவரின் செலவே மற்றொருவரின் வருவாய் என்னும் இவ்வுண்மை, 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தின்போது கோடிக்கணக்கானோரின் வாழ்வில் வெளிப்பட்டது. இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் கெயின்சு, 1936ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை ஒரு கோட்பாடாக வகுத்துரைத்தார். வீட்டுக் கணக்கைக் கொண்டே நாட்டுக் கணக்கை அளப்பவர், மந்தக் காலத்தில் அரசு செலவிடுவதை ஊதாரித்தனம் என்று மட்டுமே காண்பர்.

நாளிதழ் படித்தால் போதும் என்போர்க்குத் தக்காளியே விடை கூறும். பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான மதனப்பள்ளி, தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்றது. 2023ஆம் ஆண்டு ஜூலையில் வரத்துக் குறைந்து தக்காளி விலை பன்மடங்கு உயர்ந்தது. அம்மாதத்தில் நாட்டின் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 7.44 விழுக்காட்டை எட்டியது. இந்திய ரிசர்வ் வங்கி பேணவேண்டிய இலக்கு 4 விழுக்காடு. மேல்வரம்பு 6 விழுக்காடு. வரம்பு மீறப்பட்டும் ஆகஸ்டில் கூடிய பணக்கொள்கைக் குழு ரெப்போ வட்டியை உயர்த்தவில்லை, 6.50 விழுக்காட்டிலேயே நிறுத்தியது.

செய்தியை மட்டும் படித்தவர் இதனை மெத்தனம் என்று கருதக்கூடும். தொடக்கப் பாடம் கற்றவரோ, விலையேற்றத்தின் காரணம் யாது என்று முதலில் வினவுவார். மக்களின் வாங்குந்திறன் பெருகியதால் விலை ஏறினால், வட்டியை உயர்த்தி அதனைத் தணிக்கலாம். வரத்துக் குறைவால் விலை ஏறினால், வட்டி உயர்வு ஒரு தக்காளிச் செடியையும் காய்க்கச் செய்யாது. கடன் வாங்கியோரின் சுமையையே கூட்டும். புதிய விளைச்சல் சந்தைக்கு வந்தபின், செப்டம்பரில் பணவீக்கம் 5.02 விழுக்காடாகத் தணிந்தது. கல்விக்கடன் பெற்றுப் பயிலும் மாணவருக்கும் இச்செய்தி புறம்பானதன்று. மாறும் வட்டியில் கடன் பெற்றிருப்பின், மும்பையில் எடுக்கப்படும் முடிவு அவருடைய மாதத் தவணையையே மாற்றவல்லது.

எனினும் இப்பாடத்திற்கு ஒரு குறையும் உண்டு. அது நாட்டைச் சில பேரெண்களாகச் சுருக்கிவிடுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தி உயர்ந்தது என்னும் கூற்று, யாருடைய வருவாய் உயர்ந்தது என்பதை உரைப்பதில்லை. வீட்டில் ஊதியமின்றிச் சமைத்துக் குழந்தை வளர்க்கும் பெண்ணின் உழைப்பு அவ்வெண்ணில் இடம்பெறுவதே இல்லை. தக்காளி விலை ஏறும்போது பதறும் நாடு, அது வீழ்ந்து பறிகூலிக்கும் கட்டாமற்போகும் நாளில் உழவரின் கண்ணீரை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வரைகோடுகளை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவர், எண்ணையே மக்கள் என்று மயங்கக்கூடும்.

இக்குறையை நீக்கும் வழி சென்னை மாகாணத்திலேயே நூறாண்டுகளுக்கு முன் காட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகிய கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தம் ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். அவ்வாய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான் முதலிய சிற்றூர்கள் அதனால் ஆய்வுலகில் இடம்பெற்றன. பிற்காலத்தவர் அவ்வூர்களுக்கே மீண்டும் சென்று மாற்றங்களை அளந்தனர்.

இன்று ஏர்பேட்டிலும் அது இயலும். பேரினப் பொருளியல் கற்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவக் காலத்தில் ஓர் ஊரையோ ஒரு சந்தையையோ தெரிந்தெடுத்து, பத்துக் குடும்பங்களின் வரவு செலவை அறிந்து வரலாம். அதற்குத் தெலுங்கும் தமிழும் துணைசெய்யும். 'பணவீக்கம்' என்பதை உழவரிடம் அவர்தம் மொழியில் விளக்க இயலாதவர், அதனைத் தாமே முழுதும் உணர்ந்தவர் ஆகார்.

இவ்வளாகங்களில் பயில்வோர் நாளை தொழில் தொடங்குவர், அரசுக்கு ஆலோசனை கூறுவர், எல்லாரும் வாக்களிப்பர். அவர்களுடைய முடிவுகள், அவர்கள் காணாத பல வீடுகளின் உலையைத் தொடும். ஆகவே நாட்டுக் கணக்கைக் கற்பது அவர்தம் கடமை. அதனை வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அதனினும் பெருங்கடமை.

சிந்தனை வினாக்கள்

1. ஒரு வீட்டின் சிக்கனம் நாடு முழுமைக்கும் எப்போது தீங்காகும்? விளக்குக.
2. 2023ஆம் ஆண்டுத் தக்காளி விலையேற்றத்தின்போது வட்டி ஏன் உயர்த்தப்படவில்லை?
3. உம் தெருவில் ஒரு கடைக்காரரிடம் உரையாடி, ஓராண்டில் விலை மாறிய ஐந்து பொருள்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.