விருந்தாளிப் பிரசங்கம்

திருச்சிராப்பள்ளியில் ஒரு வகை அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படும். அயல்நாட்டில் மிஷன் ஊழியம் செய்பவர் வருகிறார், இன்ன ஆலயத்தில் இன்ன மாலை பேசுகிறார், சபையார் அனைவரும் வருக என்று. அந்தக் கூட்டங்களின் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கிறிஸ்தவ நண்பர்கள் அவசரப்பட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரசங்கமே கூடாது என்பது என் கட்சியல்ல. திருமந்திரத்தைக் கோபுரமேறி ஊருக்கே சொன்னார் என்று ராமாநுஜரைக் கொண்டாடும் ஸ்ரீரங்கத்துக்காரன் நான். தான் நல்லதென்று நம்புவதை ஒருவன் பிறருக்குச் சொல்வதைக் குறை சொன்னால், எனக்கு உள்ளூரிலேயே அடி விழும்.

நான் ஆட்சேபிப்பது பேச்சின் தோரணையை. அப்படிச் சில கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வரவேற்புரை, பொன்னாடை, பாட்டு. பிறகு திரையில் படங்கள். ஏதோ ஒரு தூரதேசம், ஒரு குடிசை, வாசலில் மூக்கொழுகும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பெயர் சொல்வதில்லை. அதன் தாய் என்ன பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறாள், எதற்குச் சிரிப்பாள், இந்த விருந்தாளியைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள், ஒன்றும் கிடையாது. 'இருளில் இருக்கிறார்கள்' என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு தேசம் முழுவதும் அடங்கிவிடுகிறது. சபை உச்சுக் கொட்டுகிறது. காணிக்கைப் பை சுற்றி வருகிறது.

ஒரு காலத்தில் அந்தப் படத்தில் இருந்தவர்கள் நாம்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அதுவும் திருச்சியில் வராமலிருப்பது பெரிய ஆச்சரியம்.

1819-ல் வேல்ஸ் நாட்டில் ரெக்ஸம் என்ற ஊர் ஆலயத்தில், மிஷன் நிதிக்காக ஒரு விசேஷப் பிரசங்கம் ஏற்பாடாயிற்று. பேச இருந்தவர் ரெஜினால்டு ஹீபரின் மாமனார். அதற்காக மருமகன் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அப்போது அவர் இந்தியாவையும் பார்த்ததில்லை, இலங்கையையும் பார்த்ததில்லை. பார்க்காத இலங்கையின் அழகைப் புகழ்ந்துவிட்டு, அங்கே வாழும் மனிதனை மட்டும் இழித்து எழுதினார். பாட்டு உலகமெங்கும் பரவி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆலயங்களில் ஒலித்தது.

1823-ல் ஹீபரே கல்கத்தாவின் பிஷப்பாக வந்து சேர்ந்தார். 1826 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் திருச்சிக்கு வந்தார். 3-ம் தேதி காலையில், ஷ்வார்ட்ஸ் ஐயர் 1766-ல் கட்டிய கோட்டைப் பகுதி ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்தினார். ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளிக்க இறங்கியவர் தண்ணீரிலேயே இறந்து கிடந்தார். வயது 42. புனித யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் பெயர் கொண்ட கல்லூரிக்குப் போகும் பையன்கள் 'ஹீபர், ஹீபர்' என்று ஏதோ சித்தப்பா பெயரைச் சொல்வது போலச் சொல்கிறார்கள்.

பாட்டெழுதிய ஹீபர் வேறு, தமிழில் ஆசி கூறக் கற்றுக்கொண்ட ஹீபர் வேறு என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஊர் சுற்றியதென்னவோ பாட்டுத்தான். 1925-ல் கல்கத்தாவில் மிஷனெரிகளின் கூட்டமொன்றில் பேசிய காந்தி, அந்த வரிகள் தம் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அவரும் விருந்தாளிப் பிரசங்கிதான்! பாட்டுக்கு அப்போது நூறு வயது தாண்டிவிட்டது. முள் இன்னும் மழுங்கவில்லை.

அதற்குமுன் 1910-லேயே நம்மவர் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அசரியா மேடையேறி, உங்கள் தியாகங்களை நாங்கள் மறக்கவில்லை, ஆனால் எங்களுக்கு வேண்டியது உங்கள் சிநேகம் என்ற பொருள்படப் பேசினார். கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. இரண்டு வருஷங்களில் அவர் டோர்ணக்கல்லின் பிஷப்பானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப் அவர்தான். இன்று அந்த அசரியாவின் ஜனங்களே வடக்கேயும் கடல் கடந்தும் ஊழியத்துக்குப் போகிறார்கள். போகட்டும். திரும்பி வந்து மேடையேறும்போது மட்டும் 1819-ம் வருஷத்துப் பாட்டையே ஏன் பாட வேண்டும்?

பரிதாபமான படம் காட்டாவிட்டால் காணிக்கை விழாது என்பார்கள். இருக்கலாம். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கும் அந்த வித்தை தெரியும். ஒரு பாத்திரத்துக்குப் பெயரும் கொடுக்காமல், வாயைத் திறக்கவும் விடாமல், கண்ணீரை மட்டும் வரவழைப்பது மிகவும் சுலபம். அப்படி எழுதிய கதையை எந்த நல்ல பத்திரிகை ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆலயத்தில் அதற்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். விழும் காசுக்கு விலை கொடுப்பது நாமல்ல, படத்திலிருக்கும் அந்தக் குழந்தையும் அதன் தாயும். அவர்களை யாரும் கேட்டுக்கொண்டு படம் போடுவதில்லை.

ஸ்ரீரங்கத்தார் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். அமெரிக்கா போய்வந்த உபந்நியாசகர் 'அங்கே குடும்பம் என்பதே கிடையாது' என்று ஒரே போடாகப் போடும்போது, முன்வரிசையில் தலையாட்டுவது நாம்தானே?

திருச்சியிலிருந்து நர்ஸு வேலைக்குக் கடல் கடந்து போய், வருஷக்கணக்கில் அந்நிய ஜனங்களின் நோயும் மொழியும் பழகித் திரும்பிய பெண்கள் இந்தச் சபைகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை மேடைக்குக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. கூப்பிட்டால், தான் பார்த்துக்கொண்ட கிழவியின் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

விருந்தாளிகளையும் அழைக்கட்டும்; வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அடுத்த அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்கும்போது, 'கேள்வி நேரம்: அரை மணி' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். நேரம் போதாது என்றால் வரவேற்புரையில் கை வைக்கலாம்.