கண்டியில் ஒரு மேடை, பல இல்லத்துக் குழந்தைகள்

கிறிஸ்தவப் பாடகர் ஒருவர், நகரத்துப் பாடசாலைச் சிறுவர் சிறுமியரோடு ஒரே மேடையில் நின்று, தம்முடைய சபையாருக்கென்று மாத்திரம் அன்றி ஊர் முழுமைக்குமாகப் பாடுகின்ற கச்சேரி, தலதா மாளிகையின் பெரஹராவினால் உலகப் பிரசித்தி பெற்ற கண்டி மாநகருக்கு அந்நியமான காரியமன்று. அத்தகைய மேடைக்கு வேண்டிய விவேகத்தை இந்த நகரத்தின் சரித்திரமே நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

1906ஆம் ஆண்டு கண்டித் திரித்துவக் கல்லூரியில் உபஅதிபராக வந்து சேர்ந்த ஆங்கிலேயப் பாதிரியார் டபிள்யூ. எஸ். சீனியர், இந்நாட்டின் மீது கொண்ட பேரன்பினால் இலங்கைக்கென ஒரு பிரார்த்தனைக் கீதம் இயற்றினார். அதற்கு இசை அமைத்தவர் தேவார் சூரியசேனா. சர் ஜேம்ஸ் பீரிஸின் புதல்வராகப் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் லண்டன் ராயல் சங்கீதக் கல்லூரியிலும் பயின்று, மேனாட்டுச் சங்கீதத்தில் தேர்ச்சி பெற்றுத் திரும்பிய அந்தக் கிறிஸ்தவப் பாடகர், கிராமம் கிராமமாகச் சென்று சிங்கள நாட்டார் பாடல்களைச் சேகரித்தவர். சீனியரின் கீதத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த மெட்டு, ஜோன் டி சில்வா 1903இல் மேடையேற்றிய ‘சிறிசங்கபோ’ நாடகத்தில் அநுராதபுரத்தைக் காண்போர் பாடும் ‘தன்னோ புதுன்கே’ என்ற பௌத்த பக்திப் பாடலின் மெட்டு. அதனை அமைத்தவரோ இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி. ஆக, ஓர் இந்தியரின் ராகம் பௌத்த நாடகத்தில் மலர்ந்து, ஆங்கிலேயரின் கவிதையோடு சேர்ந்து, கிறிஸ்தவ ஆலயங்களில் ஒலிக்கலாயிற்று. இங்கே மெட்டு பொதுவாயிற்று. சொற்களோ அவரவர் விசுவாசத்துக்கு உரியனவாகவே நின்றன. ஒருவரும் மற்றவருடைய தெய்வத்தைத் துதிக்கும்படி நிர்ப்பந்திக்கப்படவில்லை. இந்த மரியாதையே நான் வலியுறுத்த விரும்புவது.

அதே கல்லூரியின் ஆலயத்தையும் பாருங்கள். பாதிரியார் காஸ்டர் திட்டமிட்ட அக்கட்டடம் கண்டி அரசர்களின் சபாமண்டபமாகிய மகுல் மடுவத்தைத் தழுவி, செதுக்கிய கற்றூண்களோடு எழும்பியது. 1935இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சிங்களமும் தமிழும் போதிக்கப்பட வேண்டுமென்று அதிபர் பிரேசர் பிடிவாதமாக நின்ற கல்லூரிக்கு அத்தகைய ஆலயம் மிகவும் பொருத்தமே.

தமிழர்களாகிய நமக்கும் இவ்வகைச் சொத்து உண்டு. நாம்தான் அதனை மேடைக்குக் கொண்டு வரத் தயங்குகிறோம். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் தோழராய் விளங்கிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிய கீர்த்தனைகள் கர்நாடக ராக தாளங்களில் அமைந்தவை. கண்டிக் கதிரேசன் கோயிலில் தேவாரம் கேட்டு வளரும் பிள்ளையின் செவிக்கு அவை புதியன அல்ல. கோப்பிக் காலத்தில், 1854இல், இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆரம்பிக்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியில் பணிபுரிந்த ஹாப்ஸ் ஐயரின் தலைமையில் இயங்கியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் பள்ளிக்கூடங்களும் அதனால் எழுந்தன. இவ்வளவு நீண்ட தொடர்பு இருந்தும், நகரத்து விழாக்களில் ஆங்கிலக் கரோல்கள் பல முழங்க, தமிழுக்கு ஒரு பாட்டு, அதுவும் இறுதியில், என்ற நிலையை நான் எவ்வாறு ஏற்பேன்?

பாடல் விஷயத்தில் இந்நாட்டு உள்ளங்கள் எவ்வளவு எளிதில் புண்படும் என்பதை 2016ஆம் ஆண்டின் சுதந்திர தினம் காட்டிற்று. பாடகி கிஷானி ஜயசிங்க ‘தன்னோ புதுன்கே’யை ஒப்பெரா பாணியில் பாடியபோது கடுமையான கண்டனம் எழுந்தது; அதே நாளில் பல்லாண்டுகளுக்குப் பின் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது நெஞ்சம் நெகிழ்ந்தோர் பலர், முகம் சுளித்தோரும் உண்டு. எனவே கண்டியில் இத்தகைய கச்சேரியை நடத்துவோர் பாடகரின் புகழை எண்ணுவதற்கு முன், பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சைவ, பௌத்த, முஸ்லிம் பெற்றோருக்கு மதமாற்றம் குறித்த ஐயம் இருப்பது இயல்பே; அதனைக் குறுகிய மனம் என்று ஒதுக்குவது அநீதி. பிள்ளை பாடப்போகும் பாட்டின் வரிகள், ஒத்திகை தொடங்கும் முன்பே, பெற்றோரின் மொழியில் எழுதப்பட்டு அவர்கள் கையில் சேரட்டும். விசுவாசப் பிரகடனமான பாடல்களைப் பாடகரும் அவர் சபையாரும் பாடட்டும்; நாட்டையும் மழையையும் உழைப்பையும் பாடும் பாடல்களில் எல்லாப் பிள்ளைகளும் கலந்து நிற்கட்டும், பாடசாலை வாரியாகப் பிரிந்து நில்லாமல்.

இன்னொன்று. மாலை ஒத்திகை முடிந்து ஹந்தானைக்கோ தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்துக்கோ திரும்பும் பிள்ளைக்குக் கடைசி பஸ் கிடைக்குமா என்று எந்த ஏற்பாட்டுக் குழுவும் கேட்பதாகத் தெரியவில்லை. தோட்டப் பாடசாலைக்கே சங்கீத ஆசிரியரை அனுப்பி, சனிக்கிழமைக் காலைகளில் அங்கேயே பயிற்சி நடத்தி, இறுதி ஒத்திகைக்கு மாத்திரம் நகரத்துக்கு அழைத்து வருவது செலவு மிகுந்த காரியமன்று. மண்டப அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும்.