விண்ணப்பமே வரவில்லையாம்!

"திட்டமெல்லாம் இருக்குதுங்க. உங்க ஆளுங்ககிட்ட இருந்துதான் விண்ணப்பமே வர்றதில்லை."

தலித் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஏன் ஆய்வு நிதி கிடைப்பதில்லை என்று எந்தக் கருத்தரங்கில் கேட்டாலும் மேடையிலிருந்து இந்தப் பதில்தான் வருகிறது. 'ங்க' போட்டு, கொங்கு மரியாதை ஒரு துளியும் குறையாமல் வருகிறது. கேட்டவர் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறோம். இந்தப் பதிலை இனியும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வரக்கூடாது தோழர்களே.

விண்ணப்பம் ஏன் வரவில்லை? பார்ப்போம். 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, பல்கலைக்கழக மானியக் குழு சில ஆய்வுத் திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கானது. நாடு முழுவதற்கும் 200 இடம், இரண்டு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய். தகுதி என்ன? முறையான நிரந்தரப் பணி வேண்டும். முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஐந்து பேருக்கு வழிகாட்டி முடித்திருக்க வேண்டும். வெளி நிதியில் குறைந்தது இரண்டு ஆய்வுத் திட்டங்களையும் முடித்திருக்க வேண்டும். அதாவது, பணம் வேண்டுமென்றால் ஏற்கெனவே இரண்டு முறை பணம் வாங்கியிருக்க வேண்டும்!

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கொடுமுடிக்கு வாருங்கள். எங்கள் காலனிகளில் முதுகலை முடித்தவர்கள் இருக்கிறார்கள், முனைவர் பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். அப்பா அம்மா மஞ்சள் வெட்டுக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவர்கள். இந்தப் பிள்ளைகள் வேலை பார்ப்பது ஈரோடு, கரூர், திருச்செங்கோடு பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகளில். இல்லையென்றால் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்: மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். கௌரவம் பெயரில் மட்டும்.

நிரந்தரப் பணி என்ற முதல் நிபந்தனையிலேயே இவர்கள் வெளியே. இளங்கலை மட்டும் நடத்துகிற துறைக்கு ஆய்வுத் துறை அங்கீகாரம் கிடையாது, ஆகவே அங்கே இருப்பவர் ஒருவருக்குக்கூட முனைவர் பட்ட வழிகாட்டி ஆவது எளிதல்ல. ஐந்து பேருக்கு எங்கே போவது? இதற்கு மேல் மானியக் குழுச் சட்டத்தின் 12-பி பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின்கீழ் தகுதி பெறாத கல்லூரிக்கு மத்திய மானியம் வராது. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. சேர்ந்த அன்று நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதும் இல்லை.

முன்பு மைனர் புராஜெக்ட் என்று ஒன்று இருந்தது. சிறு தொகைதான். ஆனால் சிற்றூர்க் கல்லூரியில் இருந்த ஓர் ஆசிரியர் அதை வைத்து நான்கு கிராமம் சுற்றி, கணக்கெடுத்து, தன் பெயரில் ஓர் அறிக்கை போட முடிந்தது. ஆய்வுக்குள் நுழைய அதுதான் முதல் படி. 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு அந்தப் படியை எடுத்துவிட்டார்கள். இப்போது நேராக மாடிக்கு ஏறச் சொல்கிறார்கள்.

பட்டம் பெறும் கட்டத்திலும் இதே கதைதான். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஃபெல்லோஷிப் 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியபோது நெட் தேர்வு கட்டாயமில்லை. இன்று நெட் எழுதியவர்களின் பட்டியலிலிருந்துதான் எடுக்கிறார்கள். தொகை நல்ல தொகைதான், மாதம் 37,000, பிறகு 42,000. தமிழக அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி, கிறித்துவம் தழுவிய ஆதிதிராவிடர் ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. மத்திய அரசு 1950 ஆணையைக் காட்டிக் கைகழுவிவிட்ட கிறித்துவத் தலித்துகளையும் இதில் சேர்த்திருப்பதை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இரண்டுமே முழுநேர ஆய்வுக்கு மட்டும். வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரி சுயநிதிக் கல்லூரி வேலையை விட முடியாமல் பகுதிநேரத்தில்தான் பதிவு செய்கிறார். பகல் முழுக்க வகுப்பு, மே மாதத்தில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அலைச்சல், ராத்திரியில் ஆய்வேடு. அவருக்கு ஒரு பைசா கிடையாது.

சரி, எல்லாத் தகுதியும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்து யார் போடுவது? ஐசிஎஸ்எஸ்ஆர் ஆய்வுத் திட்டமானாலும் சரி, வேறு மத்திய அமைப்பானாலும் சரி, விண்ணப்பம் நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பணமும் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் வரும், செலவுக் கணக்குச் சான்றிதழும் நிறுவனம்தான் தர வேண்டும். எங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, கல்லூரிப் பெயர் வேண்டாம், வாய்க்கால் பாசன ஊர்களில் பெண் கூலிகளின் கடன் பற்றி ஒரு முன்வரைவு எழுதினார். நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தோம். கடைசித் தேதிக்குப் பதினெட்டு நாள் முன்பே அலுவலகத்தில் கொடுத்தார். முதல்வர் தாளாளரைப் பார்க்கச் சொன்னார். தாளாளர் ஊரில் இல்லை. அப்புறம் ஊரில் இருந்தார், நேரம் இல்லை. அப்புறம், "எதுக்கும்மா இந்தச் சாதி சமாச்சாரமெல்லாம், காலேஜுக்குப் பேர் கெட்டுடும், நல்லதா வேற டாபிக் பாரு" என்றார். தேதி போய்விட்டது. டெல்லியில் இருக்கும் அதிகாரியின் கணக்கில் இது எப்படிப் பதிவாகும்? விண்ணப்பம் வரவில்லை என்றுதானே!

அழைப்பு வந்திருக்கிற செய்தியே நமக்கு வந்து சேர்வதில்லை என்பது இதைவிடப் பெரிய விஷயம். அறிவியல் துறையில் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கென்றே ஏஎன்ஆர்எஃப் தனி மானியம் வைத்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த வேதியியல் ஆசிரியர்கள் மூன்று பேரிடம் கேட்டோம், மூன்று பேரும் நாங்கள் சொல்லித்தான் கேள்விப்படுகிறார்கள். சமூகவியல் படித்தவர்கள் இதை 'சமூக மூலதனம்' என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். இங்கே அதற்குப் பங்காளி, மாமன், மச்சான் என்று பெயர். மாமா பல்கலைக்கழகத்தில் இருப்பார், மச்சான் தேர்வுக் குழுவில் இருப்பவரின் மாணவர். அறிவிப்பு இணையத்தில் ஏறும் முன்பே முன்வரைவு தயாராகிவிடும். இதைத் தகுதி என்கிறார்கள்.

அண்ணலுக்கே இடையில் ஒருவர் தேவைப்பட்டார். கேளுஸ்கர் என்ற ஆசிரியர் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் சொன்னதால்தான் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. 1913இல் கொலம்பியாவுக்குப் போனதும் அதே மன்னரின் உதவித்தொகையில்தான். அந்தப் பணத்தில் படித்தபோது, 1916 மே 9 அன்று, அங்கே ஒரு கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் பற்றியது. இப்போது இதைக் கேளுங்கள். 2022இல் மத்திய அரசு பட்டியல் சாதியினருக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதிகளை மாற்றியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாதாம். அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் அந்தக் கட்டுரையை எழுத அவருக்குப் பணம் கிடைக்காது. படத்துக்கு மட்டும் மாலை. அந்த உதவித்தொகைக்கு 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்ற 66 பேரிடம் நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்களே, அந்த 66 பேரும் விண்ணப்பித்தவர்கள்தான்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துச் செந்தில்குமார். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். ஆய்வு வழிகாட்டி ஒதுக்கப்படாமலே இருந்தார், உதவித்தொகையிலும் சிக்கல். 2008 பிப்ரவரியில் இறந்தார். எட்டு ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை, 1.75 லட்சம் ரூபாய், நிலுவையில் இருந்தது. செந்தில்குமார் இருந்திருந்தால் இந்நேரம் எங்கோ ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருப்பார். அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் போயிருக்கும்.

நம் தோழர்களிலேயே சிலர், ஆய்வுப் பணம் வாங்கினால் போராட்டம் மழுங்கிவிடும், அதெல்லாம் நமக்கெதற்கு என்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. கொடுமுடிப் பக்கத்து டீக்கடைகளையும் எங்கள் காலனிகளையும் பற்றி ஆய்வு நடக்காமல் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறார்கள், எங்கள் பெரியம்மாக்களிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்கிறார்கள், போகிறார்கள். பணம் வருகிறது, புத்தகம் வருகிறது, பதவி உயர்வு வருகிறது, எல்லாம் அவர்களுக்கு. எங்கள் பெயர் முன்னுரையின் நன்றிப் பட்டியலில்கூட வராது. எங்களை மற்றவர்கள் ஆராயும்போது மழுங்காதது, நாங்கள் ஆராய்ந்தால் மட்டும் மழுங்குமா?

என்ன வேண்டும் என்பதில் எங்களுக்குக் குழப்பமில்லை. தமிழக அரசு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இயற்றியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம். அந்தப் பணத்திலிருந்து ஆதிதிராவிட, பழங்குடி ஆசிரியர்களுக்கு ஒரு சிறு ஆய்வு மானியம் தொடங்கட்டும். கௌரவ விரிவுரையாளரும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியரும் நேரடியாக விண்ணப்பிக்கும்படி இருக்கட்டும். தாளாளர் கையெழுத்து கேட்கவே கூடாது. அருந்ததியருக்கு 2009 சட்டப்படி உள்ள உள் ஒதுக்கீட்டை இதிலும் கடைப்பிடிக்க வேண்டும்.

அதுவரை மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப வேண்டிய கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம்: கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளி நிதியில் நடந்த ஆய்வுத் திட்டங்கள் எத்தனை, அவற்றின் முதன்மை ஆய்வாளர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர், இணைப்புக் கல்லூரிகளில் 12-பி தகுதி உள்ளவை எவை. உங்கள் கல்லூரியின் பெயரைச் சேர்த்து நீங்களும் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கான மாதிரியும் தயாராக இருக்கிறது.