வெளியூரில் சிகிச்சை, உள்ளத்தில் வெட்கம்

புரோஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை பல வாரங்கள் நீள்வதுண்டு. வேலூரிலோ சென்னையிலோ வாடகை அறையில் தங்கும் நம் பெரியவர்கள் சிலரை நோயைவிட வெட்கமே அதிகம் வாட்டுகிறது. சிறுநீர் கசிவதால் தொழுகை கூடாதென எண்ணி, வாய்திறவாமல் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள்.

மார்க்கம் அவர்களைக் கைவிடவில்லை. கசிவு நிற்காதவர் வக்து நுழைந்தபின் சுத்தம் செய்து, பஞ்சோ துணியோ வைத்துக் கட்டி, ஒளுச் செய்து தாமதமின்றித் தொழலாம். இடையே கசிவது தொழுகையை முறிக்காது. அடுத்த வக்துக்கு மீண்டும் ஒளுச் செய்யவேண்டும். ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் இச்சலுகை உண்டு.

மாதவிடாய்ச் சட்டங்களை விரிவாகப் போதிக்கும் நாம், முதிய ஆண்களின் இச்சட்டத்தை மிம்பரில் சொல்லக் கூசியது நம் குறையே. பிள்ளைகளே, மருத்துவச் செலவை மட்டும் விசாரிக்காதீர்கள்; "அத்தா, தொழ முடிகிறதா?" என்றும் கேளுங்கள். அல்லாஹ் நோயாளர் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.