ஈரடுக்குப் பேருந்தில் ஒரு நாள்

நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறை நாளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் செல்வார். எக்கடைக்கும் போகாது, ஈரடுக்குப் பேருந்துகளில் மாறி மாறி ஏறி, வண்டி எண்களைக் குறிப்பேட்டில் எழுதி மாலையில் திரும்புவார். இது வீண் வேலை என்பர் தோட்டத்துப் பெரியோர். நாம் அவ்வாறு கருதவில்லை.

1977ஆம் ஆண்டில் லேலண்ட் அட்லாண்டியன் வண்டிகளே அங்கு இச்சேவையைத் தொடங்கின. இன்றைய வண்டிகள் ஏறத்தாழ 4.4 மீட்டர் உயரமுடையவை. மேல்தட்டில் நின்று பயணம் செய்தல் கூடாது. அது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கேயே பௌதிகப் பாடம் தொடங்கிவிடுகிறது. 147ஆம் எண் வண்டி ஹவ்காங் நோக்கிச் சிராங்கூன் சாலையில் செல்லுங்கால், வீரமாகாளியம்மன் ஆலயக் கோபுரச் சிற்பங்களை மேல்தட்டிலிருந்து அருகில் காணலாம். கீழே நடப்போர் கழுத்து நோக அண்ணாந்து பார்க்கும் காட்சி அது!

கேளிக்கைப் பூங்கா நுழைவுச்சீட்டுக்குப் பல நாட் கூலியைக் கொடுக்கத் தயங்காத பெற்றோர், பேருந்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளையை மட்டும் அதட்டுவதேன்? தோட்டத்து லாரியையும் பள்ளி வேனையும் அன்றி வேறறியாத பிள்ளைகள் நம்மிடையே உளர். வரும் விடுமுறையில் ஒருமுறை அவர்களை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். குறிப்பேடும் பென்சிலும் பள்ளி தரும்.